நான் எடுத்துவிட்ட ‘லே’

தலைவர் பேராசிரியர் முகம்மது சலீம் அய்யா அவர்களே, அச்சகத்தைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் பீர் மைதீன் அண்ணாச்சி அவர்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் சுபேதார் பாண்டியராஜ் அண்ணாச்சி அவர்களே, சாரலில் நனைந்து வந்திருக்கும் நம் வாசகர் வட்டத்தின் அன்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு மேடையில் பேசத் தெரியாது. அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதுவதற்காவது தகுதி உண்டா என்றால் அதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதையும் இந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது. முழுதும் படிக்க விடுங்கள்.

என் பெயர் ஜெபமலர். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூடை தூக்கும் பெஞ்சமின் என் அப்பா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த வட்டத்தில் உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. மூன்று வருடமாக ஓரத்தில் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் பேச்சைப் போனில் பதிவு செய்கிற பெண் என்றால் தெரியும்.

மறைந்த நம் ஹவில்தார் இசக்கியப்பன் அவர்களைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொன்னார்கள். எத்தனை விதவைகளுக்கு ஓய்வூதிய மனு எழுதிக் கொடுத்தார்! இலஞ்சி சாலையில் எத்தனை பையன்களை ஓட வைத்து ராணுவத்துக்கு அனுப்பினார்! அனுப்பும்போது ஒவ்வொருவனிடமும் ஒரு தாளைக் கொடுத்து, நீ போகப்போகிற எல்லையைப் படமாக வரை என்பார். எல்லைக்கோடு மட்டும் வரைந்தால் விடமாட்டார். அந்தப் பக்கம் யார், அவனுக்கு அந்தப் பக்கம் யார், இவர்கள் இருவருக்கும் ஆகாதவன் எங்கே இருக்கிறான் என்று முழுதும் வரையச் சொல்வார். பையன்கள் தலையைச் சொறிவார்கள். “துப்பாக்கியத் தூக்கது கழுதைக்கும் வரும்லே. எங்கன நிக்கோம்னு தெரியணும்” என்பார்.

அவருக்கு வேறு பேச்சு உண்டா? மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, இந்த வாசகசாலையில், இதே மின்விசிறிக்குக் கீழே, அவர் பேசியதெல்லாம் அது ஒன்றுதான். ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் போகிறது. நல்லதற்குப் போகிறதோ, கெட்டதற்குப் போகிறதோ, போகிறது. போனபின் அந்த இடத்தில் யாருடைய பலம் கூடுகிறது, யாருடையது குறைகிறது? போனவன் நினைத்தபடி நடக்கிறதா? அவர் பார்த்தவரை நடந்ததே இல்லை.

ஈராக்கைப் பற்றிப் பேசிய அன்று எனக்கு நினைவிருக்கிறது. அமெரிக்கப் படை போய் அங்கே ஓர் ஆட்சியை இறக்கியது. அதில் யாருக்கு லாபம் என்று கேட்டார். நாங்கள் எண்ணெய்க் கம்பெனிகளைச் சொன்னோம். அவர் ஈரானைச் சொன்னார். அமெரிக்காவுக்கு ஆகவே ஆகாத ஈரான், ஒரு குண்டும் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பெரிதானது என்றார். எங்களுக்குப் புரியவில்லை. உடனே புளியங்குடிக்கு வந்துவிட்டார். “அடாவடி பண்ணுத கமிஷன் கடைக்காரன் ஒருத்தன வெளியூர்க்காரன் வந்து காலி பண்ணுதான்னு வைங்க. இனி எலுமிச்சைக்கு நல்ல விலை கிடைக்கும்னு நீங்க நினைக்கிய. பக்கத்துக் கடைக்காரன் ரெண்டு கடை ஆள் ஆயிருவான். அவன் முன்னவனுக்கு மேல இருப்பான்” என்றார். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, “இது உலக நடப்பா? இது எங்க மார்க்கெட்டுல போன தையில நடந்ததுல்லா” என்றார்.

அப்படிப் பேச அவரால் முடிந்ததற்குக் காரணம், அவர் அப்படிப் போன ஒரு படையில் இருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப்படையில் சிக்னல் பிரிவில் இருந்தார். அவருடைய பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் மிகச் சிலர். போன முதல் வாரம் சனங்கள் வண்டிக்கு மாலை போட்டார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் சண்டை. அதன் பிறகு நடந்ததை அவர் ஒவ்வொரு முறையும் மெதுவாகத்தான் சொல்வார். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த கொழும்பு அரசும் புலிகளும், நடுவில் வந்து நின்ற இவர்களை வெளியேற்ற ஒன்று சேர்ந்தார்கள். அரசாங்கமே தன் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தது. இவர்கள் துப்பாக்கி கொடுத்துப் பழக்கிய உள்ளூர்ப் பையன்கள், இவர்கள் கப்பலேறியதும் தனியே நின்றார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்பதை அவர் சொல்ல மாட்டார். ஒரு தபால்காரர் கேட்ட கேள்வியை மட்டும் சொல்வார். “தம்பி, நீங்கள் போனாப் பிறகு எங்களை ஆர் பார்க்கிறது?” அந்தத் தபால்காரர் இவர்களுக்கு வழி காட்டியவர். “நான் கைக் கடியாரத்தப் பாத்தேன்” என்பார் இசக்கியப்பன் அண்ணாச்சி. அத்தோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் வெட்கமான காரியம்.

போன வருடம் மாசி மாதக் கூட்டத்தில் அவர் யாழ்ப்பாணத்தைப் பற்றி முழுதாக ஒன்றரை மணி நேரம் பேசினார். அதைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று தலைவர் சொன்னார். பதிவு என் போனில் இருந்தது. எழுதித் தருகிறேன் என்று நானாகவே கை தூக்கினேன். என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் நான் கை தூக்கியது அன்று ஒருநாள்தான். அண்ணாச்சிக்குக் கண்ணில் புரை வளர்ந்திருந்த நேரம். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பாருங்கள் என்று தாள்களைக் கொண்டுபோனேன். “படிச்ச புள்ள நீ. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று வாங்காமலே திருப்பி அனுப்பினார்.

படித்த பிள்ளை என்ன செய்தாள்?

கல்லூரியில் முதல் வாரம் நான் எழுந்து, “நான் சொல்லுதேன் மேடம்” என்றேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு நான் பேசுவதைக் குறைத்தேன். எழுதும்போது எங்கள் ஊர்ப் பேச்சு ஒரு சொல்லும் தாளில் விழாமல் பார்த்துக்கொண்டேன். அண்ணாச்சியின் பேச்சையும் அப்படித்தான் துடைத்தேன். முதலில் அவர் பேசியது பேசியபடி தட்டச்சு செய்தேன். பிறகு ‘அங்கன’வை ‘அங்கே’ ஆக்கினேன். ‘பொறவு’ என்பதைப் ‘பிறகு’ ஆக்கினேன். முன்வரிசைப் பையன்களைப் பார்த்து அவர் வரிக்கு வரி ‘லே’ போட்டிருந்தார். புத்தகத்தில் ‘லே’ வரலாமா? அவரை யாராவது பட்டிக்காட்டான் என்று நினைத்துவிட்டால்? ஒவ்வொரு ‘லே’யாகத் தேடி எடுத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடுதான் எடுத்தேன்.

அதில் ஒன்று ‘லே’ இல்லை.

“நாங்க போனது தப்பில்லே” என்று அவர் சொன்னது வேகத்தில் ‘தப்புலே’ என்று கேட்கும். அப்படியே தட்டியிருந்தேன். பிறகு ‘லே’யை எடுத்தேன். ‘நாங்கள் போனது தப்பு’ என்று ஆயிற்று. அட்டைக்குப் பின்னால் போட நல்ல வரியாக ஒன்று கொடும்மா என்று பீர் மைதீன் அண்ணாச்சி கேட்டார். நான் அந்த வரியைத்தான் கொடுத்தேன். பெரிய எழுத்தில் வந்தது. உள்ளே, முதல் பக்கத்தில், தொகுப்பு பெ. ஜெபமலர் என்று என் பெயரும் வந்தது.

காது ஏமாற்றிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. அன்று, “அப்போ நீங்க போனது தப்பா அண்ணாச்சி?” என்று கேட்டதே நான்தான். அவர் பதில் சொன்னது எனக்கு. பெண்பிள்ளையிடம் யாராவது ‘லே’ போடுவார்களா? என்னிடம் பேசும்போது அவர் ‘ட்டி’ என்பார், ‘தாயி’ என்பார். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட என்னை ‘லே’ என்றதில்லை. தென்காசிப் பக்கம் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இது, முதுகலை படித்த எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? தெரியாமல் போகவில்லை. அந்தப் பேச்சு எனக்குத் தெரியும் என்பதையே நான் மறைக்கப் பழகியிருந்தேன்.

அவர் சொன்னது முழுதும் இதுதான். பதிவைப் பத்து முறை கேட்டு எழுதியிருக்கிறேன்: “நாங்க போனது தப்பில்லே. சண்டைய நிப்பாட்டத்தான் போனோம். போயி நின்ன பொறவு எவனுக்குப் பலம் கூடும், எவனுக்குக் குறையும்னு ஒருத்தனும் எண்ணிப் பாக்கல. அதுதான் தப்பு.”

இதற்கும் நான் அச்சிட்டதற்கும் எவ்வளவு தூரம்! போனதையும் போனதால் விளைந்ததையும் அவர் கவனமாகப் பிரித்து வைத்திருந்தார். நான் இரண்டையும் ஒன்றாக்கி அவர் வாயில் வைத்தேன்.

புத்தகம் ஆடியில் வந்தது. அக்டோபரில் சிவகிரிப் பக்கம் ஓர் ஊரில், பாண்டியராஜ் அண்ணாச்சியின் அண்ணன் நாயக் பேச்சிமுத்து அவர்களுடைய நினைவுநாள். பேச்சிமுத்துவும் இசக்கியப்பனும் பாளையங்கோட்டையில் ஒரே நாளில் ஆளெடுப்பில் நின்றவர்கள். எண்பத்தேழு அக்டோபரில், சண்டை தொடங்கிய இரண்டாம் வாரம், பேச்சிமுத்து யாழ்ப்பாணத்தில் இறந்தார். வருடா வருடம் அவர் படத்துக்கு முதல் மாலை போடுகிறவர் நம் ஹவில்தார். போன வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று நடந்ததைச் சொல்ல பாண்டியராஜ் அண்ணாச்சி என்னை அனுமதிக்க வேண்டும். அவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னட்டையைக் காட்டி, இது நீர் சொன்னதா என்று கேட்டார். ஹவில்தார் அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அச்சுல அப்படித்தான இருக்கு” என்றார்.

“அப்ப எங்க அண்ணன் ஒரு தப்புக்குத்தான் செத்தான்னு சொல்லுதீரா வே?”

அதுவரை அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டு வந்தவர், அன்று ‘வே’ என்றார். அந்த வருடம் மாலையை வேறொருவர் போட்டார். நான் கையில் டீயோடு நின்றேன். ஒரு வார்த்தை, ‘அண்ணாச்சி, அதை எழுதியது நான்’ என்ற ஒரு வார்த்தை, என் வாயிலிருந்து வரவில்லை. தப்பாகத்தான் கேட்டுவிட்டேனோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. திரும்பும்போது புளியங்குடி வருமுன் பஸ்ஸில் பதிவைப் போட்டுக் கேட்டேன். தெளிவாக இருந்தது. அவர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார். தூங்குவதுபோல் இருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் செங்கோட்டையில் ஒரு பள்ளியில் எனக்குச் சமூக அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. எதனால் கிடைத்தது தெரியுமா? நேர்காணலில் அந்தப் புத்தகத்தைக் காட்டினேன். என் பெயர் அச்சில் இருந்ததைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.

கார்த்திகையில், ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் நிறைந்து கிடந்த ஐந்தருவி வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். அங்கே அவர் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், விசிலும் கையுமாக. அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஒரு கேரளா வேனைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, நேராக்கி நிறுத்திவிட்டு வந்தார்.

“தெரியும்ட்டி. நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா?”

அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வேலை கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று என்னைத் திருப்பிக் கேட்டார். இருபது நாள் என்றேன். “அப்ப சத்தங்காட்டாம இரு. உங்கப்பன் மூடை தூக்குனதுல வந்த வேலை” என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீயும் எங்க அமைதிப்படை மாதிரிதாம்ட்டி. நல்லது செய்யணும்னுதான் வந்தே.”

நான் சிரிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார். பிறகு அவர் சொன்னதை நான் மறைக்கக் கூடாது. மறைத்தால் இரண்டாவது முறையாக அவர் பேச்சைத் திருத்தியவள் ஆவேன். “தப்பா, தப்பில்லையான்னு முப்பத்தெட்டு வருசமா எனக்குள்ளயே சண்டை நடக்கு. ஒருநாள் இது ஜெயிக்கும், ஒருநாள் அது ஜெயிக்கும். நீ வெளிய இருந்து வந்து ஒரு பக்கமா கையை வச்சிட்ட. அத நான்தான் முடிக்கணும். ஒரு எழுத்து விட்டுப்போயி முடியக் கூடாது” என்றார். ஒரு இரண்டாம் ஞாயிறு தானே எழுந்து சொல்வதாகவும் சொன்னார்.

சொல்ல நினைத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. வைகாசியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது சாய்ந்தார் என்று செய்தி வந்தது. அவருக்கு நாள் இல்லாமல் போயிற்று. எனக்கு? அக்டோபருக்கும் வைகாசிக்கும் நடுவில் ஏழு இரண்டாம் ஞாயிறுகள் வந்தன. ஏழு முறையும் இதே ஓரத்தில், இதே போனோடு உட்கார்ந்திருந்தேன். படைவீரர் சங்கத்து ஆட்கள் இந்தக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேசும்போது நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா என்பது ஒரு சாக்கு. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவரைக் காட்டிக்கொடுத்தவள், அவருக்கு இரங்கல் சொல்ல வந்து நிற்கிறேன். இதைவிட வெட்கம் உண்டா?

வழக்கமாக இந்த இடத்தில் உறுதிமொழி சொல்வார்கள். நானும் சொல்கிறேன். பள்ளித் தாளாளரிடம் நடந்ததை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் என்ன செய்தாலும் சரி. நம் அலமாரியில் மீதமிருக்கும் பிரதிகளின் பின்னட்டையில் அந்த வரியைக் கையாலேயே திருத்தித் தருகிறேன். வெளியே போனவற்றை யார் யார் வைத்திருக்கிறார்களோ அவர்கள் வீட்டுக்கே வந்து திருத்துகிறேன். அடுத்த பதிப்பு வருமானால் அவர் பேசியபடியே வரட்டும். ‘அங்கன’வும் ‘பொறவு’ம் ‘லே’யும் இருக்கட்டும். தலைவர் அனுமதித்தால் அடுத்த இரண்டாம் ஞாயிறு அவருடைய பேச்சை அவர் குரலிலேயே ஒன்றரை மணி நேரமும் போடுவோம். ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் போனது என்று செய்தி வரும்போதெல்லாம், யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்காமல், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கிற பழக்கத்தை அவர் நமக்கு விட்டுப்போயிருக்கிறார். அந்தப் பழக்கத்தை நான் வகுப்பறைக்குக் கொண்டுபோவேன். அங்கே வேலை போனால் வேறெங்காவது கொண்டுபோவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன். கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

ஹவில்தாரின் மனைவி குருவம்மாள் அம்மா இன்று வரவில்லை. கணவர் போன துக்கத்தில் உடம்புக்கு முடியவில்லை என்று தலைவர் சொன்னார். தலைவரை அப்படிச் சொல்லச் சொன்னது நான். முந்தாநாள் நான் அழைக்கப் போனபோது கதவைப் பாதிதான் திறந்தார். “வரலட்டி. பாண்டியராஜ் வருவான். எந்த மூஞ்சிய வச்சிட்டு அவன் முன்னால உக்காருவேன்? அந்த மனுசன் அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார்.

ஹவில்தார் தன் மனைவியிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, செய்யாத ஒன்றுக்காக அந்த அம்மாவிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். பேச்சிமுத்துவின் பெயரைக் கெடுத்தவன் என்று அந்த அம்மா தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாராம். முந்தாநாள் அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். உண்மை தெரிந்தால் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை அந்த ஏழு மாதத்தை நினைத்து உடைந்துபோவாரா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. அன்றே, அந்த வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், காயப்போட்ட சேலையை எடுக்கணும் என்று அவர் உள்ளே போனார், நான் படியிறங்கிவிட்டேன்.

பாண்டியராஜ் அண்ணாச்சி, கூட்டம் முடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். தனியாகப் போனால் இந்த முறையும் திரும்பி வந்துவிடுவேன். நீங்கள் என்னோடு வர வேண்டும். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீங்கள் ஒன்றும் பேசவும் வேண்டாம். நான் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நின்றால் போதும். வருவீர்களா?